ஆட்டுக்கல் எஞ்சினோடு ஆறு வருஷம்

பெற்றோல் செட்டில் நிறுத்தினால் யாராவது ஒருவர் கிட்ட வந்து, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார். மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்றுதான் கேட்கிறார். நான் "லீற்றருக்கு ஆறு" என்பேன். உடனே யானையைக் கட்டித் தீனி போடுகிறவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை வரும். பிழையில்லை, கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

என்னிடம் இருப்பது மஸ்டா ஆர்எக்ஸ்-8 என்கிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ஆறு கியர் மெனுவல், சாம்பல் நிறம். 2019இல் வாங்கினேன். பழைய கார் என்று லீசிங் கிடைக்கவில்லை, சீட்டுக் காசும் மனைவியின் இரண்டு வளையலும்தான் முதல். எனக்குத் தொழில் டியூஷன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று மலையகத்தில் மூன்று ஊரில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வீட்டில் வேறு வாகனம் கிடையாது. ஆகவே இது ஞாயிற்றுக்கிழமை துடைத்துவிட்டு வெளியே எடுக்கிற கார் இல்லை, போட்டோ கொப்பிக் கட்டும் மரக்கறியும் கேஸ் சிலிண்டரும் ஒருநாள் இரவு நெஞ்சு வலி என்று துடித்த பக்கத்து வீட்டு ஐயாவும் எல்லாம் இதில்தான் போயிருக்கிறார்கள். (ஐயா நன்றாக இருக்கிறார். வலி வாயு என்றார்கள். ஆனால் காரில் ஏறின பிறகுதான் வலி கூடியது என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.)

இந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இது ரோட்டரி எஞ்சின், ரோட்டரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஆட்டுக்கல்லைத்தான் காட்டுவேன். பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கிற கதையே இதில் இல்லை. நிலக்கடலை மாதிரி இடுப்புச் சிறுத்த ஒரு அறை, அதற்குள்ளே மூன்று பக்கமும் லேசாக உப்பின ஒரு முக்கோணம், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி நடு அச்சிலிருந்து விலகி விலகிச் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே ஒரு பக்கத்தால் காற்றையும் பெற்றோலையும் இழுக்கும், இன்னொரு பக்கத்தால் நெருக்கும், மற்றப் பக்கத்தால் எரித்து வெளியே தள்ளும். அப்படி இரண்டு அறை. ஒன்று 654 சிசி, கூட்டினால் 1308. வாகனப் புத்தகத்திலும் 1308 என்றுதான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தம்பி "ஆயிரத்து முந்நூறுதானா சேர், இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டான். ஆனால் ஜப்பான் கணக்குப்படி இந்த மெனுவல் வகைக்கு 250 குதிரை வலு, அதுவும் நிமிடத்துக்கு 8500 சுற்றில். அதற்கு மேல் சுற்றவிடக் கூடாது என்கிற சிவப்புக் கோடு 9000இல். 1991இல் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் ஜெயித்த மஸ்டா 787பி காரில் இருந்ததும் இதே ஆட்டுக்கல் வகைதான், அங்கே நான்கு கல்.

குதிரை எல்லாம் மாடியில்தான் இருக்கிறது, அதுதான் விஷயம். கீழே ஆளில்லை. இழுவை 216 நியூட்டன் மீற்றர்தான், அதற்கும் 5500 சுற்று வரை ஏற வேண்டும். ஆள் ஏற்றிய பழைய டீசல் வேன் மூன்றாம் கியரில் முனகாமல் ஏறிப் போகிற ஏற்றத்தில் நான் இரண்டாம் கியருக்கு இறங்கி, எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் ஏறுவேன். இதில் மலைக் காற்று வேறு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினுக்கு வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். கொழும்பில் 250 என்றால், நுவரெலியா தபால் கந்தோருக்கு முன்னால் 210 கூட வராது. வகுப்பில் விகிதசமன் படிப்பிக்கும்போது இதைத்தான் உதாரணமாகப் போடுவேன், பிள்ளைகளுக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கும்.

அப்படியென்றால் இதை எதற்கு மலையில் வைத்திருக்கிறாய், அதிவேகப் பாதையில் அல்லவா ஓட்ட வேண்டும் என்று சொல்கிறவர்கள் அநேகம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதிவேகப் பாதையில் 100க்கு மேல் போகக் கூடாது, ஆறாம் கியரைப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட வேண்டியதுதான். அதைச் சின்னக் காரும் செய்யும். தலவாக்கலை தாண்டி, லிந்துலை கழிந்து, நானுஓயாவை நோக்கி ஏறுகிற ரோட்டில் காலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள். இரண்டாம் கியர், மணிக்கு 50, 60, ஊசி ஐயாயிரத்தைத் தொடுகிறது, அந்த இடத்தில்தான் எஞ்சின் கண் விழிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் எடை சரிபாதியாக இருப்பதால் முடக்கில் திருப்பும்போது கார் நம் இடுப்பைச் சுற்றித் திரும்புகிற மாதிரி இருக்கும். யாரையும் முந்தவில்லை, சட்டத்தை மீறவில்லை, பக்கத்தில் தேயிலை, முன்னால் பனி, கை நிறைய வேலை. ஒரு முடக்கு முடிந்தால் அடுத்தது. சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் "பீப்" என்று ஒரு எச்சரிக்கைச் சத்தம் வரும், அதை இங்கே முதல் கியரில் மட்டும்தான் கேட்கலாம், அதுவும் 60ஐத் தொடும்போது. இரண்டாம் கியரில் அதைக் கேட்க ஆசைப்பட்டால் 100 கடக்க வேண்டும், அந்த ஆசை உள்ளவன் இந்த ரோட்டில் ஓட்டக் கூடாது.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் போட்டி வரும்போது பொடியன்கள் "சேர் இந்த முறை ஓட்டலையா?" என்று கேட்பார்கள். ஒரு தரம் பார்க்கப் போனேன். வந்த கார்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் காரைக் கொஞ்சம் தூரத்திலேயே நிறுத்திவிட்டேன்.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். முதல் தொல்லை ஒயில். எரியும் அறைக்குள் முக்கோணத்தின் முனைகளில் இருக்கிற சீல்கள் தேயாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை உள்ளே விட்டு எரிக்கும், செய்த விதமே அப்படி. இது தெரியாமல் முதல் மாதம் கராஜுக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் பாஸ் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, துணியில் துடைத்து, திரும்பவும் விட்டு எடுத்து, பெரிய நோயாளிக்குச் சொல்கிற குரலில் "சேர், ரிங் போயிருச்சி" என்றார். பிஸ்டனே இல்லாத எஞ்சினுக்கு ரிங் எங்கிருந்து போகும் என்று எனக்கும் அப்போது தெரியாது, பயந்துவிட்டேன். இரண்டு இரவு உட்கார்ந்து வாசித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. இப்போது இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் ஒயில் பார்ப்பேன், டிக்கியில் எப்போதும் ஒரு லீற்றர் போத்தல் கிடக்கும். பாஸும் நானும் சேர்ந்தே படித்துவிட்டோம். ரோட்டரி பற்றி இப்போது அவர்தான் மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

இரண்டாவது தொல்லைக்கு முழுப் பொறுப்பும் நான்தான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்தக் கூடாது என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். தலவாக்கலையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, வெளியே மழை, மூன்று மணி நேரமாகக் கார் குளிரில் நிற்கிறது. பிளாஸ்டிக் கதிரை ஏற்றி வந்த லொறிக்கு வழி வேண்டும் என்றார்கள். ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணி, பத்தடி முன்னுக்கு எடுத்து, நிறுத்திவிட்டு வந்து கரும்பலகையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வகுப்பு முடிந்து சாவியைத் திருப்பினால் கிர்ர் என்று சுற்றுகிறதே தவிர பிடிக்கவில்லை. குளிரில் எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் விடும், சூடாக முன் நிறுத்தினால் அது எரியாமல் உள்ளேயே தங்கி, சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிவிடும், பிளக் நான்கும் நனையும், நெருக்கம் போய்விடும். பெடலை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் பெற்றோல் நிற்கும், உள்ளே கிடப்பது காயும் என்று வாசித்திருந்தேன். அதையும் செய்து பார்த்ததில் பற்றரிதான் இறங்கியது. கடைசியில் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். மலையில் ஒரு வசதி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு இறக்கம் இருக்கும். இரண்டாம் கியர், கிளட்சை விட்டேன், இல்லை, மறுபடி, இல்லை, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டு ரோட்டையே மறைக்கிற மாதிரி வெள்ளைப் புகை கக்கியது. புகைக்குள்ளிருந்து கடைசி வாங்குப் பையன் ஒருவனின் குரல்: "சேர், இன்னைக்கி வெளி விசை நாங்கதான்." அவனுக்கு அந்தத் தவணை இயக்கவியலில் நான் நினைத்ததை விட நல்ல புள்ளி.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. 18 அங்குலம், 225/45. ஹட்டனில் கேட்டால் சிரிப்பார்கள். கொழும்பிலிருந்து வர வேண்டும், உதிரிப் பாகம் என்றால் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க அலைய வேண்டும். உயரமும் ஒரு பிரச்சினை, அதாவது உயரமில்லாதது. தேயிலைக் கொழுந்து லொறி பக்கத்தில் வந்தால் அதன் வீல் நட் என் கண்ணுக்கு நேரே சுற்றும். பனிக்குள் பஸ்காரருக்கு நான் தெரியவே மாட்டேன், அதனால் பகலிலும் லைட் போட்டுத்தான் ஓடுவேன், ரதெல்ல குறுக்கு ரோட்டுப் பக்கம் போகவே மாட்டேன்.

2022ஐ எப்படி விட முடியும்? ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் 470 ரூபாய், 95 ஒக்டேன் 550 ரூபாய் ஆனது. அடுத்து கியூஆர் காட்டிப் பெற்றோலை அளவாக வாங்குகிற முறை வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு ஆறு என்றால் 120 கிலோமீற்றர், நுவரெலியா ஒரு தரம் போய் வந்தாலே கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். காரைத் தறப்பாளால் மூடிவிட்டு நானுஓயாவுக்கு ரயிலிலும் மிச்சத்துக்கு பஸ்ஸிலும் போனேன். அப்படியும் வாரம் ஒரு தரம் தறப்பாளை நீக்கி, எஞ்சினை நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு வைப்பேன், சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் என்ற பயம். வாசலில் நின்ற மனைவி ஒரு நாள் சொன்னாள்: "நாங்க பால்மாவுக்கு வரிசையில நிக்கிறோம், நீங்க கல்லுக்குப் பால் ஊத்துறீங்க." பதில் சொல்ல வாயில்லை. வளையல் இரண்டும் இன்னும் திரும்பி வராத காலம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் நான் வாங்கின விலைக்கு மேலேயே கேட்டு ஆட்கள் வந்தார்கள். விற்றிருக்கலாம். விற்ற காசுக்கு அன்றைக்கு ஒரு பழைய ஆட்டோவும் கொஞ்சம் சில்லறையும்தான் மிஞ்சும் என்று அவளிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான், காரணம் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மலை ரோட்டுக்கு இந்தக் கார் பொருந்தவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பொருந்தாதது கடைசி ஒரு கிலோமீற்றர். அம்மா இருப்பது நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறுகிற பாதையில் கல் மட்டும்தான் பாக்கி, தார் எந்தக் காலத்திலோ மழையோடு போய்விட்டது. வாங்கின புதிதில் பெருமைக்கு ஒரு தரம் ஏற்றிப் பார்த்தேன். கீழ்த்தகடு கல்லில் உரசுகிற சத்தம் என் பல்லுக்குள் கேட்டது, பிள்ளைகள் நடந்தே என்னை முந்திப் போனார்கள். அதற்குப் பிறகு சந்திக் கடையடியில் நிறுத்திவிட்டு, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழக்கம். "காரு வாங்கியும் மகன் நடந்துதான் வர்றான்னு லயத்துல சொல்றாங்க" என்று அம்மாவுக்கு அதில் நீண்ட நாள் குறை.

போன மாதம் கண் கிளினிக்குக்குப் போக அவர் சந்திக்கு இறங்கி வந்தார். முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்றார், அங்கே உட்கார்ந்தால் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கான் மட்டும்தான் தெரிகிறதாம். இந்தக் காரில் பின் கதவு இரண்டும் பின்பக்கமாகத் திறக்கும், நடுவில் தூண் கிடையாது. முன் கதவையும் பின் கதவையும் விரித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "என்னா தம்பி இது, அலுமாரி மாதிரி தொறக்குது" என்று சொல்லிவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்து, நான் பயந்த அளவுக்குக் குனியாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஸ்டார்ட் பண்ணி, கடையைத் தாண்டவில்லை, கிளினிக் கொப்பியைக் கடை வாங்கிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. நான் எஞ்சினை ஓடவிட்டு இறங்கினேன்.

"நிப்பாட்டிட்டுப் போ, பெற்றோல் போகுது" என்றார்.

"நிப்பாட்ட ஏலாதும்மா, இன்னும் சூடாகல்ல."

கொப்பியோடு திரும்பி வந்தபோது கண்ணாடியைப் பாதி இறக்கி, கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவங்கப்பாவும் இப்படித்தான். சுடச்சுட ஒரு தேத்தண்ணி உள்ள போகாம காலையில வேலைப் பெரட்டுக்குக் கால் எடுத்து வைக்க மாட்டாரு."