அத்தானுக்கு ஒரு சொந்த வீடு

நம்மட மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்பது பெண் பிள்ளைகளுக்கு உரியது. மகள் பிறந்த கையோடு தகப்பன் கல், மணல் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்து சேர்வார். என் அத்தானும் அப்படித்தான் களுவாஞ்சிகுடிக்கு வந்தவர். வாக்குவாதம் எதில் தொடங்கினாலும் அக்கா கடைசியில் "இது என்ட வீடு" என்று முடித்துவிடுவாள். அதற்குப் பதில் சொல்ல அத்தானிடம் ஒன்றும் இருந்ததில்லை, போன மாரி வரைக்கும்.

மழை விடாமல் பெய்த அந்த நாட்களில் அவர் ஃபோனில் அவுஸ்திரேலியக்காரர்களின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே காடு, பாலைவனம் என்று எங்கும் இழுத்துக்கொண்டு போவதற்கென்றே காம்பர் ட்ரெய்லர் செய்கிறார்கள். பின்கதவைத் திறந்தால் குசினி, உள்ளே படுக்கை, பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. "மச்சான், இதில ஒண்டு செய்தா உகந்தைக்குப் போய் நம்மட பாட்டில கிடக்கலாம். அது என்ட பேரில இருக்கும்" என்றார். காட்டோரக் கடற்கரையில் முருகன் இருக்கிற உகந்தை எனக்குக் கேட்டது. 'என்ட பேரில' என்பது குசினிக்குள் இருந்த அக்காவுக்குக் கேட்டது.

புதுச் சாமான் வாங்க வசதியில்லை. ஆகவே பழைய இரும்பு. முதலில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு விவசாயியிடம், லேண்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு மெசின் இழுக்கும் பெட்டி ஒன்றை இலக்கத் தகட்டோடும் புத்தகத்தோடும் வாங்கினோம். இழுக்கிற மெசினுக்கு ஒரு இலக்கம், பெட்டிக்கு வேறொரு இலக்கம் என்பது நம் நாட்டில் வழக்கமாக இருப்பதால் அத்தானுக்கு அதில் பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பெட்டியின் அச்சு ஒடுக்கமானது. காட்டுப் பாதையில் முன்னால் போகும் வாகனம் பதித்த தடத்திலேயே பெட்டியின் சில்லும் விழவேண்டும். இல்லாவிட்டால் ஒரு சில்லு பள்ளத்திலும் மற்றது மேட்டிலுமாகப் பெட்டி சரிந்தபடியே வரும். எனவே அத்தானின் டபிள் கப் பிக்கப்போடு பொருந்துகிற அகலத்தில் ஒரு அச்சு தேவைப்பட்டது. நட்டுகளும் பொருந்தவேண்டும், அப்போதுதான் ஒரே ஸ்பெயார் சில்லு இரண்டுக்கும் உதவும். ஹைலக்ஸ், பஜரோ மாதிரியான வாகனங்களுக்கு ஆறு நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். பழைய லான்ட் ரோவருக்கு ஐந்து நட்டு, 165.1 மில்லிமீற்றர் வட்டம். பழைய இரும்புக் கடைக்காரரிடம் இருந்தது லான்ட் ரோவர் அச்சுத்தான். "ஒரு நட்டுத்தானே தம்பி குறையுது, வெள்ளைக்காரன்ட சாமான், கொண்டுபோங்க" என்று எங்களை வாசல்வரை துரத்திவந்தார். ஆறு நட்டு அச்சு வேறொரு கடையில், கோழிக் கூட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்தபடி கிடந்தது. கோழிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே விற்றார்கள்.

கூரைதான் இந்தக் கதையின் பெருமை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்துக்கு வந்து சேர்ந்த பைபர் படகுகளில் எத்தனையோ இன்று முதுகுடைந்து தென்னைகளுக்கு அடியில் கிடக்கின்றன. அப்படி ஒன்றைப் பாதியாக அறுத்து, கவிழ்த்து, பெட்டிக்கு மேலே ஏற்றினோம். வெடிப்புகளுக்கு பைபர் மாட் வைத்து ரெசின் பூசியதும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. "உள்ளுக்குத் தண்ணி வராமச் செஞ்ச சாமான், கவிட்டாலும் வராது" என்று வெல்டிங் பாஸ், அதாவது எங்கள் ஒட்டுவேலைக்காரர், சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசியது அவ்வளவுதான். படகின் இலக்கம் மட்டும் கூரையின் பக்கவாட்டில் தலைகீழாக இருந்தது. அதை அழிக்க அத்தானுக்கு மனம் வரவில்லை.

ஜன்னல்களும் ஒரு இருக்கையும் கழித்துப்போட்ட தனியார் பஸ்ஸிலிருந்து வந்தவை. இருக்கையோடு அதற்கு மேலே இருந்த தகரமும் வந்தது: மூன்று மொழியில் 'மதகுருமாருக்கு'. அதையும் சேர்த்தே பூட்டினோம்.

பெட்டியை வண்டியோடு பூட்டும் கொழுக்கி விஷயத்தில் நான் வெல்டிங் பாஸின் பக்கம். கார்களில் இருக்கிற 50 மில்லிமீற்றர் குண்டுக் கொழுக்கி தார் வீதிக்கு நல்லது. குண்டும் குழியுமான பாதையில் வண்டி ஒரு பக்கமும் பெட்டி மறுபக்கமும் திருகும்போது அது ஓரளவுக்கு மேல் வளைந்து கொடுக்காது. இராணுவ வண்டிகளில் உள்ளதுபோல வளையமும் கொக்கியும் என்றால் எப்படித் திருகினாலும் பிடித்துக்கொள்ளும். ஒரே குறை, கடகடவென்று ஊருக்கே கேட்கும்.

லைட்டுக்குத்தான் அதிக நாள் போனது. பிரேக்கை மிதித்தால் இடப்பக்கச் சிக்னல் மின்னியது. சிக்னலைப் போட்டால் எல்லாம் மங்கலாக எரிந்தது. வயர் பாஸ் ஒருவர் வந்து பல்புகளையெல்லாம் மாற்றி, காசு வாங்கி, போகும்போது கண்ணூறு என்றும் சொன்னார். சாதாரண தரத்துக்குப் படிக்கிற மருமகன்தான் கண்டுபிடித்தான். துருப்பிடித்த சட்டத்தை எர்த்தாக நம்பியிருந்தார்கள். கரண்ட் திரும்பிப்போக வழியில்லாமல் மற்ற பல்புகளுக்குள்ளால் சுற்றிப்போனது. எர்த்துக்குத் தனியாக ஒரு வயர் இழுத்ததும் கண்ணூறு கழிந்தது.

முதல் சோதனை ஓட்டம் படுவான்கரை வயல்களுக்குள். பெட்டிக்குப் போட்டிருந்த பிக்கப் வில்லுத் தகடுகள் ஒரு தொன் பாரத்துக்குச் செய்தவை. வெறும் பெட்டி ஒவ்வொரு வாய்க்காலிலும் ஓரடி எழும்பி விழுந்தது. இரண்டு தகடுகளைக் கழற்றியதும் சாதுவாகிவிட்டது. வரம்பில் நின்ற பெரியவர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்மட வயல் வாடிக்குச் சில்லுப் பூட்டி வெச்சிருக்கிறீங்க. மறுகா, ஆனை வந்தா ஓட லேசுதான்" என்றார். யானை அடிக்கடி வந்து போகிற ஊர்க்காரர் சொன்னால் அது பகிடி மட்டுமில்லை.

ஆடி மாதம், கதிர்காம யாத்திரைக் காலத்தில் உகந்தைக்குப் புறப்பட்டோம். அத்தான் நினைத்திருந்தது அவரும் நானும். கடைசியில் அக்கா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் ஏறியாகிவிட்டது. "அங்க என்ன கிடைக்கப் போகுது" என்று அம்மா அரிசி மூட்டை, தேங்காய், விறகு, அரைகல் என அத்தனையையும் பெட்டியின் பின்பக்கக் குசினிக்குள் அடுக்கியிருந்தார். கல்முனை கடந்து வீதி நேராகி வேகம் பிடித்ததும் பெட்டி வால் ஆட்டத் தொடங்கியது. இதற்குக் காரணம் எளிது. பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில், அதாவது கொழுக்கியில் அழுத்தவேண்டும். பின்னால் பாரம் கூடினால் மூக்கு எழும்பும், பெட்டி அலையும். புறப்படுமுன் அத்தான் நெல் நிறுக்கும் தராசைக் கடன் வாங்கி, மூக்கைத் தொங்கவிட்டு நிறுத்து, எல்லாம் கணக்காக வைத்திருந்தார். அரைகல் அந்தக் கணக்கில் இல்லை. அக்கரைப்பற்றுக்குக் கிட்ட நிறுத்தி, அரைகல்லை முன்னுக்குக் கொண்டுவந்து அச்சுக்கு முன்னால் வைத்துக் கட்டியதும் நேரானது. அன்றிலிருந்து அது பெட்டியின் நிரந்தர உதிரிப்பாகம்.

நிறுத்திய இடத்தில் இரண்டு பெண்கள் பையோடு வந்து "பணிஸ் இருக்கா?" என்றார்கள். பாண், பணிஸ் விற்றுக்கொண்டு வீதி வீதியாக வரும் சூன் பாண் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். திருக்கோவிலில் ஒரு மீனவர் கூரையைத் தட்டிப் பார்த்து, "எஞ்சின் எங்க?" என்று கேட்டார். பொத்துவில் பக்கம் மறித்த போக்குவரத்துப் பொலிஸ்காரர் முதலில் டபிள் கப்பின் இலக்கத்தை எழுதினார். பிறகு பெட்டியின் இலக்கம். பிறகு தலையைச் சரித்துக் கூரையில் இருந்ததையும் வாசித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, "போங்க, தண்ணிக்குள்ள மட்டும் விடாதீங்க" என்றார்.

பாணமைக்கு அப்பால் மணல் பாதை. இந்த இடத்தில் டயரின் காற்றைக் குறைக்கவேண்டும், இருபது பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மணலில் புதையாமல் போகும். இழுக்கிற வண்டிக்கு மட்டும் இறக்கினால் போதாது, பெட்டிக்கும் இறக்கவேண்டும். இறக்கினோம். அன்று மாலையே உகந்தை முருகனடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அத்தான் எதிர்பார்த்த தனிமை, பின்கதவைத் திறந்து அக்கா கேத்தலை வைத்ததோடு முடிந்தது. யாத்திரைக்காரர் ஒருவர் வந்து பிளேன்ரீ கேட்டார். அவர் குடிப்பதைப் பார்த்து அடுத்தவர் வந்தார். பிறகு வரிசை. ஒரு வயதான பிக்கு பக்கக் கதவால் எட்டிப் பார்த்தார், மூன்று மொழித் தகரத்தை வாசித்தார், மிக இயல்பாக ஏறி அந்த இருக்கையில் அமர்ந்தார். அத்தான் எழுந்து வெளியே வந்தார். பிக்கு போனதும் காவி கட்டிய சாமியார் ஒருவர் ஏறினார். அவரோடு வந்த இளைஞன், மாலை போட்டவனும் மதகுருவில் அடங்குவானா என்று கேட்க, வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இரவு பெட்டிக்குள் அம்மாவும் அக்காவும் பிள்ளைகளும் படுத்தார்கள். உரிமையாளரும் நானும் வெளியே தறப்பாளில் படுத்தோம். சின்ன மருமகள் ஜன்னலால் தலையை நீட்டி, "அப்பா, இது எனக்குத்தானே சீதனம்?" என்று கேட்டாள். அத்தான் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தார் வீதி தொடங்கும் இடத்தில் காற்று நிரப்பவேண்டும். எங்களிடம் இருந்தது சைக்கிள் பம்ப். நல்ல காலமாக வீதியோரத்தில் ஒரு சிறிய டயர் கடை இருந்தது. அங்கிருந்த பையன் டபிள் கப்பைச் சுற்றி வந்தான், பெட்டியைச் சுற்றி வந்தான், விரலால் எண்ணினான். முகம் வாடிப்போனது.

"அண்ணே, ஆறும் பஞ்சர்."

அத்தான் மணல், டயர் அழுத்தம், அவுஸ்திரேலியா என்று தொடங்கினார். பையன் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டபடி ஜக்கை உருட்டிக்கொண்டு வந்து முதல் சில்லுக்கு அடியில் வைத்தான்.

"கவலப்படாதீங்க அண்ணே, ஆறுக்கும் சேத்துக் கொறச்சுத் தாறன்."