சாய மை பிரிண்டரில் கருப்பு வெள்ளைப் படம்: முகம் பச்சையடிக்காமல் எடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெரிதாக்கித் தரச் சொல்லி வருபவை பெரும்பாலும் தாத்தா பாட்டி படங்கள். எப்சன் எல்805 போன்ற ஆறு நிறச் சாய மை (டை இங்க்) பிரிண்டரில் ஏ4 அளவுக்கு அருமையாக எடுக்கலாம். ஆனால் அதில் சாம்பல் மை கிடையாது. கருப்பு போக மீதி சயான், மஜெந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மஜெந்தா. முகத்தின் சாம்பல் இந்த நிறங்களின் கலவையில்தான் பிறக்கிறது. கருப்பை மட்டும் வைத்து அடித்தால் நிறச்சாயல் வராது, ஆனால் கன்னத்திலும் வெள்ளை வேட்டியிலும் புள்ளி தெரியும்.

முதலில் நாசில் செக், அதாவது மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று கோடுகள் அடித்துப் பார்க்கும் சோதனை. வெளிர் மஜெந்தாவில் இரண்டு கோடு விட்டிருந்தாலே முகம் பச்சையாகும். கிளீனிங் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. அதற்கும் சரியாகாவிட்டால் சில மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மைதான் வீண்.

படக் கோப்பை கிரேஸ்கேலில் (சாம்பல் மட்டும்) விடாமல் ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் சாயலைத் திருத்த வழியிருக்காது. நிறத்தை போட்டோஷாப் பார்த்துக்கொண்டால் பிரிண்டர் டிரைவரில் (அச்சு அமைப்பு மென்பொருளில்) நிறத் திருத்தத்தை அணைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் படம் கெடும். பிறகு 0 முதல் 100 விழுக்காடு வரை ஐந்தைந்தாக ஏறும் 21 கட்டச் சாம்பல் பட்டை ஒன்றை, படம் எடுக்கப்போகும் அதே தாளில், அதே தர அமைப்பில் அடியுங்கள்.

பட்டை வெளியே வந்ததும் முடிவு செய்யாதீர்கள். ஈரம் காயக் காயச் சாயல் நகரும். 24 மணி நேரம் அச்சடித்த பக்கம் மேலாக, அடுக்காமல் வையுங்கள். நம் ஊரில் சாயங்கால மழை விடாத நாள்களில் இன்னும் ஒரு நாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்திலும் விளக்கடியிலும் பாருங்கள். விளக்கில் சாம்பலாகத் தெரிவது பகலில் பச்சையாகலாம். படம் மாட்டப்போகும் இடத்து வெளிச்சத்துக்கே திருத்துவேன். நடுச் சாம்பலில், அதாவது 0 முதல் 255 வரையுள்ள அளவில் 128-இல், பச்சைச் சேனலை 125 அளவுக்கு இறக்கினால் பெரும்பாலும் போதும். மேலும் இறக்கினால் மஜெந்தா தலைகாட்டும். 95, 100 கட்டங்கள் ஒன்றாகத் தெரிந்தால் இருண்ட பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். பாட்டியின் கொண்டை அங்கேதான் காணாமல் போகும். தாள் மாறினாலும் மை மாறினாலும் பட்டையைப் புதிதாக அடிக்க வேண்டும்.

லேசான பழுப்புச் சாயலை வேண்டுமென்றே சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். வெளிச்சம் மாறும்போது வரும் பிசகு அதில் உறுத்தாது.

கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம். ஒட்டிவைத்தால் நம் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். காயுமுன் சட்டம் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் மங்கும். கண்ணாடியே இல்லாமல் காற்றோட்டத்தில் தொங்கவிட்டால், சீக்கிரம் காயும் நுண்துளைத் தாளில் ஓசோன் புகுந்து நிறங்களை வெளுக்கவைக்கும். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளுக்காது; வண்ணப் படத்தில் அது தெரிய நாளாகும், சாம்பலில் உடனே தெரியும். சாமி அறையில் மாட்டுவதாக இருந்தால், சாம்பிராணிப் புகை உள்ளே போகாதபடி சட்டத்தின் பின்புற ஓரம் முழுக்க டேப் ஒட்டிக் கொடுங்கள்.