சீழ் வைத்த பல்லில் மரப்பு ஊசி ஏன் எடுபடுவதில்லை?

நல்ல ஈறில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் சில நிமிடங்களில் மரத்துவிடும். அதே மருந்தை, அதே அளவில், சீழ் கோத்து வீங்கிய இடத்தில் போட்டால் பல்லைத் தொட்டதும் நோயாளி துடிக்கிறார். மருந்து போலியோ, டாக்டருக்குக் கைராசி இல்லையோ என்று நினைக்கத் தோன்றும். முக்கியக் காரணம் நரம்பின் செல் சவ்வில் இருக்கிறது.

அந்தச் சவ்வு கொழுப்பாலான இரட்டை அடுக்கு. மின்னூட்டம் உள்ள மூலக்கூறு அதைக் கடக்கத் திணறும். மின்னூட்டம் இல்லாதது எளிதில் கரைந்து உள்ளே போய்விடும். லிக்னோகெயின் ஒரு வீரியம் குறைந்த காரம். ஹைட்ரஜன் அயனி ஒட்டினால் மின்னூட்டம் பெறும், விலகினால் இழக்கும். அதன் பிகேஏ 7.9, அதாவது பிஎச் (அமில-கார அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 7.9 ஆக இருந்தால் இரண்டு வடிவமும் பாதிக்குப் பாதி. திசுவின் இயல்பான 7.4-இல் மின்னூட்டமற்றது சுமார் 24 சதவீதம். சீழால் பிஎச் 6.4-க்கு இறங்கினால் வெறும் 3 சதவீதம்! மிச்சமெல்லாம் நரம்புக்கு வெளியே நிற்கிறது. வீக்கத்தில் விரிந்த ரத்தக்குழாய்கள் அதையும் வாரிக்கொண்டு போகின்றன. போதாததற்கு, அழற்சியில் இருக்கும் நரம்பு லேசான தூண்டலுக்கே சீறும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். உள்ளே நுழைய மின்னூட்டம் இருக்கக் கூடாது. நுழைந்தபின் நரம்பின் சமிக்ஞையைக் கடத்த உதவும் வாயிலான சோடியம் சேனலை உட்புறமிருந்து அடைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது மின்னூட்டம் பெற்ற வடிவமே. லிக்னோகெயினின் உறவான கியூஎக்ஸ்-314 எப்போதும் மின்னூட்டத்தோடு இருப்பது. நரம்பிழைக்கு வெளியே வைத்தால் அது ஏறக்குறைய சும்மா இருக்கும். இழைக்குள் செலுத்தினால் அடைத்துவிடும்.

அதனால் சீழுக்குள்ளேயே ஊசியைக் குத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை, தொற்றும் பரவலாம். சீழ் இல்லாத இடத்தில், நரம்பு வரும் பாதையிலேயே பிளாக் (நரம்பையே மரக்கவைக்கும் ஊசி) கொடுப்பதுதான் வழி. கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் இடத்தருகே. வெளியேற்றக்கூடிய சீழ் இருந்தால் அதை வெளியேற்றவும் வேண்டும். ஆன்டிபயாட்டிக் மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

மருந்தின் பிஎச்சை உயர்த்த சோடியம் பைகார்பனேட் கலப்பதும் உண்டு. 1 சதவீத லிக்னோகெயின் 10 மி.லி.க்கு 8.4 சதவீதக் கரைசல் 1 மி.லி., போடுவதற்குச் சற்று முன்னால். குத்தும்போது எரிச்சல் நன்றாகக் குறையும். சீழ் இடத்தில் இதை மட்டும் நம்ப வேண்டாம். பியூபிவகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தில் இதே அளவைக் கலந்தால் மருந்து வீழ்படிவாகிவிடும்.

மரக்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஏற்றும்போதுதான் ஆபத்து. அட்ரினலின் கலந்ததென்றால் உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி., கலக்காததென்றால் 4.5. 50 கிலோ ஆளுக்கு, 2 சதவீத மருந்தில் அது முறையே 17.5 மி.லி., சுமார் 11 மி.லி. கையில் 30 மி.லி. குப்பி இருக்கும்போது இதைத் தாண்டுவது எளிது. காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, நாக்கைச் சுற்றி மரப்பு என்று நோயாளி சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம்.