சாத்துக்குடியில் தொடங்கிய பெத்தாங்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தலைக்கவசம் அணியாமல் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குக் காய்கறி வாங்கச் சென்ற அப்பா வண்டியிலிருந்து விழுந்து, மூளையின் இடப்பக்கத்தில் உறைந்த இரத்தத்தை அறுவை சிகிச்சையால் அகற்றிய பிறகே வீடு திரும்பினார். இடப்பக்க மூளை உடலின் வலப்பக்கத்தை இயக்குவதாலும், பெரும்பாலானோருக்குப் பேச்சும் அங்கேயே அமைந்திருப்பதாலும், அவருடைய வலக்கை தளர்ந்திருந்தது. கரண்டியைப் பார்த்தால் அதன் பெயர் வரவில்லை. விரல் பயிற்சிக்காகத் துளைப்பலகையில் வண்ணக் குச்சிகளைச் செருகச் சொன்னபோது, நெடுநேரம் சொல் தேடி, "பால்வாடியா?" என்று கேட்டுப் பலகையைத் தள்ளிவிட்டார். விபத்துக்குப் பின் அவர் தெளிவாகச் சொன்ன முதல் சொற்களில் அதுவும் ஒன்று.

அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ளவில்லை. முன்பு எதில் ஈடுபாடு என்று மட்டும் கேட்டார். குருசுக்குப்பத்தில் வளர்ந்த அப்பாவுக்கு, சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, இருந்த தாத்தாவிடம் கற்ற பெத்தாங் என்னும் பிரெஞ்சுக் குண்டு விளையாட்டைத் தவிர வேறு பொழுதுபோக்கே கிடையாது. 'கொஷொனே' என்னும் சிறு மரப்பந்தை எறிந்துவிட்டு, இரும்புக் குண்டுகளை அதற்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஆட்டம். வீசிய குண்டு தரையைத் தொடும்வரை, நிற்கும் வட்டத்திலிருந்து காலை எடுக்கக் கூடாது. உடலின் சமநிலைக்காக மருத்துவமனையில் செய்யச் சொன்ன பயிற்சியும் ஏறக்குறைய இதுவே.

ஒரு குண்டின் எடை 650 முதல் 800 கிராம் வரை இருக்கும் என்பதால், மொட்டை மாடியில் நாற்காலி போட்டுச் சாத்துக்குடியில் தொடங்கினோம். பழத்தைக் கொடுத்தவுடன், யாரும் சொல்லாமலே அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பினார். விழுந்த குண்டு உருண்டோடாதபடி பின்சுழற்சி கொடுக்கும் ஆட்டக்காரரின் பிடி அது. பழகிய கைத்திறனும் பெயர்களின் நினைவும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பவை அல்ல. 1953-இல் செய்த அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல்போன ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார், முதல் நாள் வரைந்ததே நினைவில்லாமல். அதைச் சோதித்துப் பதிவுசெய்தவர் உளவியலாளர் பிரெண்டா மில்னர். அப்பாவின் பாதிப்பு வேறு வகையைச் சேர்ந்தது என்றாலும், அந்தப் பிடியைக் கண்டபோது எனக்கு மொலேசன்தான் நினைவுக்கு வந்தார்.

பழகிய ஆட்டத்தில் ஒரு கொடுமையும் உண்டு. குச்சிப் பலகையில் தோற்பதில் அவமானமில்லை. பெத்தாங்கிலோ தம்முடைய பழைய வீச்சு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முதன்முதலில் வீசிய இரும்புக் குண்டு இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை என்பதால், ஒரு வாரம் அவர் மாடிக்கே வரவில்லை. பிறகு, கொஷொனே 6 முதல் 10 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்ற விதியை மறந்து மூன்று மீட்டராக்கினோம். வெற்றிக்கான 13 புள்ளிகளை ஐந்தாகக் குறைத்தோம். பத்து நிமிடத்தில் நிறுத்தினோம், ஏனெனில் களைத்த பின்னும் ஆடினால் மறுநாள் முழுவதும் படுக்கைதான். புள்ளி எண்ணுவது அவர் பொறுப்பு. நான் வேண்டுமென்றே ஒன்றைக் கூட்டிச் சொல்வேன். முதலில் தலையசைத்து மறுத்தவர், பின்னர் எண்ணைச் சொல்லியே திருத்தினார்.

வலிப்பு மாத்திரை தொடர்கிறது. கரண்டிக்குச் சில நாட்களில் இன்னும் 'அது' என்றுதான் பெயர். ஞாயிறுகளில் பழைய கூட்டாளிகளுடன் நின்றபடியே ஏழு புள்ளி வரை ஆடுகிறார். சென்ற வாரம் இரண்டு குண்டுகள் கொஷொனேயிலிருந்து ஒரே தொலைவில் கிடந்தபோது, எதிரணியைப் பார்த்து, "யோவ், அளந்து பாருய்யா" என்றார். நான் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.