எண்ணெய் இல்லாத தோசையும் 268-ம்

இந்தத் தையில் தெப்பத் திருவிழா பார்க்கப் போனோம். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் எனக்குக் கால் இரண்டும் கனத்துவிட்டன. வயது 48, அதுதான் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரர்தான் விடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முதல் நாள் லேபில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடிந்ததும் பழக்கதோஷத்தில் காபி குடித்திருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாதாம். மறுநாள் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 271, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 182, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 175. எல்டிஎல் 100-க்குள் இருப்பது நல்லது என்று தாளிலேயே அச்சடித்திருந்தார்கள்.

டாக்டரிடம் போகாமல் நானே வைத்தியம் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறி போச்சு, தேங்காய்ச் சட்னி போச்சு, தோசைக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. "வரட்டி தட்டுற மாதிரி சுடுறா" என்று மாமியார் எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, அப்படித்தான் இருந்தது.

சித்திரையில் மறுபடி பார்த்தால் மொத்தம் 268, எல்டிஎல் 176. ட்ரைகிளிசரைடு 215-க்கு ஏறியிருந்தது! எடையும் இரண்டு கிலோ கூடியிருந்தது.

அப்புறம்தான் டாக்டர். அவர் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மாவுக்கு 55 வயதில் பைபாஸ் ஆனதைச் சொன்னேன். மலச்சிக்கல் இருக்கிறதா, முடி கொட்டுகிறதா, குளிர் தாங்குமா என்றார். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "சித்திரை வெயில்லயும் ஃபேனக் குறைக்கச் சொல்றா சார்" என்றார்.

தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டைத் தூண்டிவிடும் ஹார்மோனான டிஎஸ்எச் 19; சுரப்பி மந்தமானால் இது ஏறுமாம். நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. தைராய்டு சுரப்பி மந்தமானால், கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக் கழிக்கும் வேலையும் மந்தமாகிவிடுமாம். மாதவிலக்கு நின்ற பிறகு எல்டிஎல் ஏறுவது வேறு. ட்ரைகிளிசரைடு ஏறியதற்குக் காரணம் நானேதான். கறியை விட்ட வயிற்றை வெள்ளைச் சோற்றாலும் சர்க்கரை போட்ட காபியாலும் நிரப்பியிருக்கிறேன்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை உடனே தரவில்லை. தைராய்டைச் சரி செய்யாமல் அதைக் கொடுத்தால் தசைவலி, தசைச் சிதைவு வரும் ஆபத்து கூடும் என்றார். தைராய்டு மாத்திரை விடிகாலையில், வெறும் வயிற்றில். காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே!

ஆடியில் எல்டிஎல் 131, டிஎஸ்எச் 3.8. மிச்சம் இருப்பது அம்மா கொடுத்த பங்காக இருக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மாத்திரையை முடிவு செய்யலாம் என்றார். சோற்றில் பாதியைக் குறைத்திருக்கிறேன். சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன், இப்போது இரண்டு சுற்று. தோசைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் திரும்பி வந்துவிட்டது. அடுத்த பரிசோதனையைத் தீபாவளிக்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.