சும்மா ஒரு பரிசல்

இண்டூர் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். குட்டி யானையின் பின்னால் ஏழடி அகலத்துக்குக் கறுப்பாக, உருண்டையாக ஒன்றைச் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனால் யார்தான் நிறுத்த மாட்டார்கள்?

"என்னய்யா இது? டிஷ் ஆன்டெனாவா?"

"பரிசல் சார்."

"மீன் பிடிக்கவா?"

"இல்ல சார்."

"ஆள் ஏத்தி இறக்கவா?"

"இல்ல சார்."

அவர் குரல் இறங்கியது. "மணலுக்கா?"

"ஐயையோ, இல்ல சார். சும்மா."

"சும்மான்னா?"

"சும்மா... தண்ணியில கொஞ்ச நேரம் ஓட்டிட்டு வரலாம்னு."

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவன் மெக்கானிக், ஒருவன் என் மச்சான், அப்புறம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நான். கண்ணாடி போட்டிருந்த காரணத்தால் வாத்தியாரைத் தேர்ந்தெடுத்தார்.

"சார், நீங்க படிச்சவரா தெரியறீங்க. நீங்க சொல்லுங்க, இது எதுக்கு?"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொழுதுபோக்கு சார்."

"ஏன், வீட்ல டிவி இல்லையா?"

கடைசியில் விட்டுவிட்டார். ஆனால் வண்டி நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுப் பேனாவைக் கன்னத்தில் தட்டிக் கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்தார். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "சும்மான்னுதான் எழுதியிருக்கார்."

இது 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பரிசலை வாங்கியது அதற்கு முந்தைய மே மாதம். நடுவில் இருந்த எட்டு மாதத்தில் பரிசல் தண்ணீரில் இருந்த நேரத்தை மொத்தமாகக் கூட்டினால் ஒரு சினிமா நேரம்கூட வராது.

எங்கள் நால்வருக்கும் இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தர்மபுரிக்காரனுக்கு ஒகேனக்கல் பக்கம்தான். வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் கூட்டிப்போய், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, மீன் வாங்கி அங்கேயே சமைத்துத் தரும் அம்மாக்களிடம் கொடுத்து, அது வேகும் நேரத்தில் பரிசலில் ஒரு சுற்று சுற்றி அனுப்புவது எங்கள் ஊர் மரபு. அப்படிப் போய்ப் போய், விருந்தாளி இல்லாத ஞாயிறுகளிலும் கால் அங்கேயே இழுத்தது. மற்றவர்கள் காலையில் எழுந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள். நாங்கள் பிலிகுண்டுலு பார்ப்போம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த இடத்தில்தான் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. "எவ்ளோ?" என்று மெக்கானிக் ஒரு வார்த்தை அனுப்புவான். "எட்டாயிரம்" என்று வாத்தியார் பதில் போடுவார். கன அடி என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. கூடிவிட்டால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், எங்கள் ஞாயிறும் போச்சு.

"எத்தனை நாளைக்குத்தான் இன்னொருத்தர் ஓட்ட நாம உட்கார்ந்து வர்றது?" என்று ஒருநாள் மச்சான் கேட்டான். அவன் வாயில் சனி இருந்தது.

மெக்கானிக்கின் தாய்மாமா நாகமரைப் பக்கம் மீன் பிடிப்பவர். மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பின்பக்கம் அது. இந்தக் கரை தர்மபுரி மாவட்டம், எதிர்க்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். மாமா தன்னுடைய பழைய பரிசல் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். ஆளுக்குக் கால் பங்கு போட்டோம். வாத்தியார் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, 'பரிசல் வரவு செலவு' என்று எழுதினார். அந்த நோட்டில் வரவுப் பக்கம் இன்று வரை வெள்ளையாகத்தான் இருக்கிறது.

வாங்கப் போன நேரம் சரியில்லை. 2024 கோடையில் அணை வறண்டு கிடந்தது. பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள் முழுகியிருக்கும் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி முழுசாக வெளியே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் இருந்த இடமெல்லாம் வெடித்த சேறு. மாமா பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, ஆமைக்குக் கால் முளைத்த மாதிரி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். நாங்கள் ஒரு துடுப்பை நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு பின்னால் மூச்சிரைக்க நடந்தோம்.

முதல் பாடம் முழங்கால் தண்ணீரில் நடந்தது. மாமா விளிம்பில் குந்தி உட்கார்ந்து காட்டினார். துடுப்பை முன்னால் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும், கொஞ்சம் வலது, கொஞ்சம் இடது, கையை வளைத்து வளைத்து. பார்த்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் லைசென்ஸுக்குப் போடும் எட்டு மாதிரி இருந்தது. "அவ்ளோதான் தம்பி" என்று துடுப்பை என்னிடம் கொடுத்தார்.

பரிசலுக்கு மூக்கும் கிடையாது, வாலும் கிடையாது. தட்டை அடியும் வட்ட உருவமுமாக இருப்பதால், ஒரு பக்கமாக இழுத்தால் அது முன்னால் போகாது, இருந்த இடத்திலேயே திரும்பும். நான் வலது பக்கம் இழுத்தேன், திரும்பியது. சரிசெய்ய இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன், சுற்றியது. ஒகேனக்கல்லில் விருந்தாளிகள் குஷிக்காக வேண்டுமென்றே பரிசலைச் சுற்றிவிடுவார்கள். எனக்கு அது தானாகவே வந்தது. நந்தி, மாமா, மலை, நந்தி, மாமா, மலை என்று மாறி மாறிக் கண்ணில் பட்டது. ஏழாவது சுற்றில் வாத்தியாருக்குத் தலை கிறுகிறுத்து, எழுந்து நின்று, பழைய மூங்கில் பிளாச்சு ஒன்றின்மேல் முழு எடையையும் வைத்தார். 'மடக்' என்று ஒரு சத்தம்.

"தார் போட்டு, ரெண்டு பிளாச்சு மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும். நானே பாத்துக்கிறேன்" என்றான் மெக்கானிக். பேருந்து எஞ்சினையே பிரித்து மாட்டுபவன் சொன்னால் நம்பத்தானே தோன்றும்? அப்படித்தான் பரிசல் தர்மபுரிக்கு வந்து என் வீட்டு மொட்டைமாடியில் ஏறியது. மாடிப்படியில் நுழையவில்லை. வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்தோம். ஒரு வாரம் என்று பேச்சு.

அந்த ஒரு வாரத்துக்குள் ஜூலை வந்தது. கர்நாடகத்தில் மழை பிடித்தது. மாதத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மேட்டூர் அணை, அந்த மாதக் கடைசியில் 120 அடி நிரம்பிவிட்டது. மாமா போன் செய்தார்: "தம்பி, நீங்க போன தடவ நடந்து வந்த இடத்துல இப்ப எத்தன ஆள் ஆழம்னு எனக்கே தெரியல. இப்போதைக்கு வந்துடாதீங்க." நந்தி உள்ளே போய்விட்டது. எங்கள் பரிசல் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் பத்திரமாக இருந்தது.

மொட்டைமாடியில் ஒரு பரிசல் இருந்தால் வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதைத் தனியாகவே எழுதலாம். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துணி விரித்து நிலக்கடலை காய வைத்துவிட்டாள். மெக்கானிக் தார் டப்பாவோடு வந்தால், "கடலை காயட்டும், அப்புறம் வா" என்பாள். கடலை முடிந்ததும் கொள்ளு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாஸ்துப்படி படகு தென்மேற்கு மூலையில் இருக்கக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். படகுக்கும் வாஸ்து உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மனைவி, வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க வீட்டுக்காரரோட பரிசல்" என்று அறிமுகப்படுத்துவாள். "எதுக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "சும்மா" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் பத்தொன்பது வருட இல்லறத்தையும் அடக்கிவிடுவாள்.

ஒருவழியாக நவம்பரில் பிளாச்சு மாற்றி, இரண்டு கை தார் பூசி, காய்வதற்காக நிமிர்த்தி வைத்தோம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை எல்லோரும் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, "உங்க பரிசல் இருக்குல்ல?" என்றார். அன்று ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து, கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா வந்தார். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு என்று வழக்கமாகத் தேடிக்கொண்டே மாடிக்குப் போனவர், ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, கொஞ்சம் மேல வாங்க" என்று ஒரு குரல்.

பரிசல் விளிம்பு வரை தண்ணீர். அதில் வானம் தெரிந்தது. வானத்துக்குக் கீழே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"பதினஞ்சு வருஷமா இந்த வேலைல இருக்கேன். தொட்டி பாத்திருக்கேன், டிரம்மு பாத்திருக்கேன். இந்தக் காலத்துல எவ்வளவு பெரிய சிரட்டைண்ணா இது!" அவர் நோட்டீஸ் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் படியேறி வந்தான். தண்ணீரைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. குனிந்து அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு இல்ல பாருங்க! உள்ள இருக்கிற தண்ணி வெளிய வரலைன்னா, வெளிய இருக்கிற தண்ணி உள்ள வராது. டெஸ்டிங் பாஸ்!"

அக்கா அவனையும் என்னையும் பார்த்தார். இந்த வீட்டில் கொசு ஒரு பெரிய பிரச்சினை இல்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஆக, ஜனவரியில் அதை ஏற்றிக்கொண்டு, இண்டூரில் விளக்கம் கொடுத்து, பென்னாகரத்தில் டீ குடித்து, ஏரியூர் வழியாக நாகமரை போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் கடல் மாதிரி பரந்து கிடந்தது. நான்கு பேரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். மாமா பார்த்துவிட்டு, "நாலு வழிச் சாலைக்கு ரோடு போட வந்த மாதிரி இருக்கீங்க" என்றார். பெரிய தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, ஓடை வாய்க்குள் கல்லெறி தூரத்தில் மட்டும், அதுவும் தான் வலை சிக்கெடுத்துக்கொண்டு பார்வையில் இருக்கும்போது மட்டும் என்று கட்டளை.

துடுப்பைத் தண்ணீரில் வைக்கப் போகும் நேரம், கரையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். தலையில் புல்லுக்கட்டு, கக்கத்தில் ஆட்டுக்குட்டி. அணை ஏறியதில் ஓடைக்குள் தண்ணீர் புகுந்து, அவர் காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டு போனால் வெகுதூரம்.

"ஏ சாமி, அக்கரைக்கு எவ்ளோ?"

"காசெல்லாம் வேணாம் பாட்டி. சும்மாதான்."

பரிசலுக்குள் வைத்த ஒரு காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "சும்மாவா? ஏன், ஓட்டத் தெரியாதா?"

கரையில் மாமா வலையை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பாட்டிக்கு வேறு வழியில்லை, ஏறினார். இடம் போதாமல் மச்சானும் மெக்கானிக்கும் இறங்கிக்கொண்டார்கள். நான் வலது பக்கம் இழுத்தேன். உலகம் திரும்பியது. இடது பக்கம் இழுத்தேன். உலகம் இந்தப் பக்கமாகத் திரும்பியது. ஆட்டுக்குட்டி ஒரே ஸ்வரத்தில் கத்த ஆரம்பித்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கரைக்குத்தானேப்பா விடச் சொன்னேன். ராட்டினம் எதுக்குச் சுத்தற?"

மூன்றாவது சுற்றில் பாட்டி ஆட்டுக்குட்டியை என் மடியில் போட்டார். துடுப்பைப் பிடுங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளிம்பில் குந்தி, தண்ணீரைத் தன் பக்கமாக வாரி வாரி இழுத்தார். பரிசல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அதற்கு மூக்கு இருக்கிறதென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தே நிமிடம், அக்கரை.

இறங்கினார். புல்லுக்கட்டை ஏற்றிவிட்டேன். குட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போகவில்லை. என் முன்னால் கையை நீட்டியபடி நின்றார்.

"என்ன பாட்டி?"

"இருபது ரூவா குடு."

"எதுக்கு?"

"நான்தானே ஓட்டியாந்தேன்? சும்மாவா ஓட்டுவாங்க?"

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். ரூபாய் நோட்டு இல்லை, நாற்பது பக்க நோட்டு. செலவுப் பக்கத்தைப் புரட்டி, 'பாட்டி – 20' என்று எழுதினார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தேன். மச்சானும் மெக்கானிக்கும் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போக வேண்டுமே.

"பாட்டி," என்றேன், "திரும்பி எப்ப வருவீங்க?"