ஒரு கையெழுத்துக்கு நாலு நடை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களிடம் கேட்கும் கவனிப்புப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து நேற்றுதான் விழுந்தது. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் அறிவியல் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஒரே காலையில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். நாலு நடை ஆயிற்று.

முதல் நடையைக் கடிதம் தின்றது. "அறிவியல் வகுப்பைக் கவனிக்க அனுமதிக்கவும்" என்பதோடு கல்லூரிக் கடிதம் முடிந்திருந்தது. எந்த வகுப்பு, எத்தனை பாடவேளை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஒன்றும் இல்லை. பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதை எந்த ஃபைலில் வைக்கிறது?" என்றார். விடுபட்டதை நானே எழுதித் தருகிறேன் என்றேன். "கல்லூரிக் கடிதத்தில் நீங்க எழுதலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்பதால்தான் எரிச்சல் கூடியது. திரும்பிப் போய்ப் புதுக் கடிதம் வாங்கினேன். இந்த முறை இரண்டு பிரதி. ஒன்றில் "பெற்றுக்கொள்ளப்பட்டது" முத்திரை போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் தலைமை ஆசிரியர் மேசையில் கடிதத்தைக் காணோம் என்றபோது, அந்த முத்திரைதான் என்னை உள்ளே விட்டது.

இரண்டாம் நடை இன்னும் மோசம். அனுமதி கிடைத்தது, வகுப்புக்குப் போனேன், அன்றைக்கு வகுப்புத் தேர்வு. 40 நிமிடம் குனிந்த தலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். தப்பு என்னுடையதுதான். அலுவலகத்தில் தேதி வாங்கியவள் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தின நாள் மாலையே "நாளைக்கு என்ன பாடம் டீச்சர்?" என்று கேட்டுவிடுங்கள். நடை மிச்சமாகும், பாடத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போகலாம்.

மூன்றாம் நடையில்தான் வகுப்பு. மின்சுற்றுப் பாடம், ஆய்வகத்தில். வழக்கம்போலக் கடைசிப் பெஞ்சுக்குப் போனேன். "அங்கே உட்கார்ந்தா என் முகம்தாம்மா தெரியும். இங்கே பக்கவாட்டில் வாங்க, அவங்க முகத்தைப் பாருங்க" என்றார் டீச்சர். வந்ததில் கிடைத்த முதல் உருப்படியான அறிவுரை.

அப்புறம் அந்தப் படிவம். எங்களுக்குக் கொடுத்தது ஃபிளாண்டர்ஸ் முறை. மூன்று நொடிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறதோ அதற்குரிய எண்ணில் ஒரு கோடு போட வேண்டும். பத்து வகை; முதல் ஏழும் ஆசிரியர் பேச்சு, எட்டும் ஒன்பதும் மாணவர் பேச்சு, பத்தாவது "அமைதி அல்லது குழப்பம்". நிமிடத்துக்கு 20 கோடு, 40 நிமிடத்துக்கு 800. கை வலிப்பது இருக்கட்டும், கோடு போடுகிறவள் வகுப்பை எப்போது பார்ப்பது?

டீச்சர் பலகையில் ஒரு மின்கலம், ஒரு பல்பு, பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வரைந்தார். "எது அதிகம் காட்டும்?" கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. யாரும் பேசவில்லையே, அவராவது சொல்லிவிடக் கூடாதா? பக்கவாட்டில் இருந்ததால் ஒன்று தெரிந்தது: முதுகுக்குப் பின்னால் கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தில் மேரி பட் ரோ பற்றிப் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிபோலத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன என்று 1970களில் எழுதியவர். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் அதைச் செய்வதை நான் பார்த்தது இதுதான் முதல்முறை.

நாலாவது விரலில் ஒரு பையன், "முன்னால இருக்கிறதுதான் மிஸ். பல்பு கொஞ்சம் கரண்டைச் சாப்பிட்டுடும்" என்றான். பெரும்பாலான கைகள் அவன் பக்கம் தூக்கப்பட்டன. டீச்சர் "சரி, கட்டிப் பாருங்க" என்றார், அவ்வளவுதான். நான் படிவத்தின் குறிப்புப் பகுதியில் வேகமாக எழுதினேன்: "மாணவரின் தவறான பதிலை ஆசிரியர் திருத்தவில்லை."

ஒவ்வொரு குழுவும் சுற்றை இணைத்தது. தான் பார்க்காமல் யாரும் சுற்றின் சாவியை (சுவிட்சை) போடக் கூடாது என்பது அவர் விதி. ஒரு குழு அம்மீட்டரை நேராக மின்கலத்தின் இரு முனைகளுக்கும் இணைத்திருந்ததைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு. சாவி போட்டிருந்தால் மீட்டர் போயிருக்கும்.

அந்தப் பையன் குழுவில் முன்மீட்டர் 0.30, பின்மீட்டர் 0.28. "பார்த்தீங்களா மிஸ், குறையுது!" ஒரே கொண்டாட்டம். என் வயிறு கலங்கியது. பாடமே தலைகீழாகப் போகிறதே, இப்போதாவது விளக்குவார் என்று பார்த்தேன். அவர் சொன்னது: "ரெண்டு மீட்டரையும் இடம் மாத்திப் போடுங்க." மாற்றினார்கள். இப்போது முன்னால் 0.28, பின்னால் 0.30. பல்புக்குள் போவதைவிட வெளியே வருவது அதிகமா? குழு முழுக்க வாயடைத்தது. ஒரு பெண் சுற்றைக் கழற்றி, மீட்டரை மட்டும் தனியே வைத்துப் பார்த்தாள். "இது சும்மா இருக்கும்போதே முள் சுழியைத் தொடலை மிஸ்." சுழிப்பிழை, அதாவது மின்னோட்டமே இல்லாதபோதும் முள் பூஜ்யத்தில் நிற்காத பழுது. மின்னோட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றே என்பதை அந்தக் குழுவே சொல்லி முடித்தது.

என் படிவத்தில் இந்தப் பன்னிரண்டு நிமிடமும் பத்தாம் எண்ணில் கிடந்தது. அமைதி அல்லது குழப்பம்.

வகுப்பு முடிந்து கையெழுத்துக்கு நீட்டினேன். டீச்சர் குறிப்பைப் படித்தார், "திருத்தவில்லை" என்ற இடத்தில் பேனாவை வைத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "நான் திருத்தியிருந்தா அந்த மீட்டரை யாரும்மா சந்தேகப்பட்டிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து இல்லை. காது சுட்டது. கவனிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வகுப்பு நடக்கும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். "செய்தார்", "செய்யவில்லை" என்று தீர்ப்பு எழுத மாலை வரை நேரம் இருக்கிறது. கோடு போடுவதையும் முதல் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, அப்புறம் ஒரே ஒரு குழுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். 800 கோட்டில் கிடைக்காதது அந்த ஒரு மேசையில் கிடைக்கும்.

இரவு உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். இரண்டு மீட்டர் கதையை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பின்னால் சேர்த்தேன். நாலாம் நடையில் டீச்சர் நின்றபடியே படித்தார், 0.28 என்று நான் எழுதியிருந்த இடத்தில் விடுபட்ட அலகைச் சேர்த்தார், கையெழுத்துப் போட்டார்.

கல்லூரியில் பேராசிரியர் அட்டவணையைத்தான் முதலில் பார்த்தார். "பத்தில் இவ்வளவு கோடா? வகுப்பு கட்டுக்குள் இல்லையா?" பின்பக்கத்தைப் புரட்டும்படி சொன்னேன். படித்துவிட்டு, "எந்த மீட்டர் பழுது என்று அந்தப் பெண் எப்படிக் கண்டுபிடித்தாள்?" என்று கேட்டார். சொன்னேன். பதிவேடு தேறியது.